சான் ஹுவான் மலையூர்கள்: எங்கே தங்குவது, எதை விடுவது

செப்டம்பர் கடைசியில் டென்வரில் இறங்கி ஏழு நாள் கொலராடோவில் இருக்கப்போவதாகவும், எழுபதை நெருங்கும் பெற்றோரும் உடன் வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் சான் ஹுவான் மலைகளுக்குள் இருக்கும் சில்வர்டன், யூரே, டெல்லுரைடு, லேக் சிட்டி, கிரீட் என்ற ஐந்து சிற்றூர்களையும் ஒரே சுற்றில் பார்த்துவிட முடியுமா என்பது உங்கள் கேள்வி. வரைபடத்தை வைத்துப் பார்த்தால் முடியும். ஆனாலும் அப்படிச் செய்ய வேண்டாம் என்பேன். இரண்டு ஊர்களில் இரவு தங்குங்கள், மூன்றாவதை அரைநாளில் பாருங்கள், மற்ற இரண்டையும் வேறொரு பயணத்துக்கு ஒத்திவையுங்கள்.

2020 கணக்கெடுப்பில் சில்வர்டனின் மக்கள்தொகை 622, யூரேயின் மக்கள்தொகை 898. இவ்வளவு சிறிய ஊரில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியல் போட்டால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை தெருவில் நடப்பவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். அந்த நேரத்தில் வந்து திரும்புகிறவர் கண்ணில் படுவது டி-ஷர்ட் கடையும் ஐஸ்கிரீம் கடையும்தான். "எல்லா ஊரும் ஒரே மாதிரிதானே இருக்கிறது" என்று அவர் சொன்னால் அதில் வியப்பில்லை. ஊர் தன் இயல்புக்குத் திரும்புவது மாலை நான்கு மணிக்கு மேல். தபால் நிலையத்துக்கு வருகிறவர்கள், நாயுடன் நடக்கிறவர்கள், மதுக்கடையின் ஒரு மூலையில் பழைய சுரங்கக் கதை பேசுகிறவர்கள் எல்லாரும் அப்போதுதான் வெளியே வருகிறார்கள். இரவு தங்கச் சொல்வது அதற்காகத்தான்.

இந்த ஊர்கள் ஏன் இவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி விஷயம் தானாகவே புரியும். இது யூட் பழங்குடியினரின் நிலம். மலையில் தாது இருப்பது தெரிந்ததும், 1873-ல் கையெழுத்தான புரூனோ ஒப்பந்தத்தின் மூலம் மலைப்பகுதி அவர்களிடமிருந்து வாங்கப்பட்டது. 1881-ல் வடக்குப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருந்த யூட் மக்களும் யூட்டா பக்கம் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய தலைவர் யூரேயின் பெயர்தான் இன்று ஊருக்கு இருக்கிறது. 1882 ஜூலையில் தெற்கே இருக்கும் டுராங்கோ நகரிலிருந்து சில்வர்டனுக்குக் குறும்பாதை ரயில் வந்தபின் தாதுவை மலிவாக இறக்க முடிந்தது, ஊர்கள் பெருத்தன. அடுத்த பத்தாண்டு வெள்ளிக்காலம்.

அந்தக் காலம் முடிந்த விதத்தில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1893 ஜூன் இறுதியில் பிரிட்டிஷ் இந்திய அரசு, யார் வெள்ளி கொண்டுவந்தாலும் ரூபாயாக அடித்துத் தரும் வழக்கத்தைத் தன் நாணயச் சாலைகளில் நிறுத்தியது. உலகின் பெரிய வெள்ளிச் சந்தை ஒன்று அப்படிக் கதவை மூடவே, சில நாட்களுக்குள் வெள்ளி விலை சரிந்தது, கொலராடோவில் சுரங்கங்களும் உருக்காலைகளும் வரிசையாக நின்றன. அதே ஆண்டு நவம்பரில், மாதாமாதம் வெள்ளி வாங்க அமெரிக்க அரசைக் கட்டாயப்படுத்திய ஷெர்மன் சட்டமும் ரத்தானது. தங்கமும் கைவசம் இருந்த ஊர்கள் பிழைத்தன. வெள்ளியை மட்டும் நம்பியவை கலைந்தன. இன்று அடுத்தடுத்து ஒரு ஊர் உயிருடனும் ஒரு ஊர் வெறும் மரக்கட்டடங்களாகவும் நிற்பதைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இனி சில்வர்டன். 9,318 அடி, அதாவது 2,840 மீட்டர். தொட்டபெட்டா உச்சியைவிட உயரம். சான் ஹுவான் கவுன்டியில் (நம் மாவட்டம் போன்றது) ஊராட்சியாக அமைந்திருக்கும் ஊர் இது ஒன்றுதான், அந்தக் கவுன்டிதான் கொலராடோவிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்தது. கிரீன் தெரு அகலமான தார்ச்சாலை, அதன் இருபுறமும் 1880-களின் செங்கல் கட்டடங்கள். அதற்கு அடுத்த இணைதெருவான பிளேர் தெரு இன்னும் மண்சாலை. மழை பெய்த மறுநாள் அதில் நடந்தால் செருப்பில் சேறு ஒட்டும், வெயில் அடித்தால் ஒவ்வொரு வண்டியும் புழுதியைக் கிளப்பும். சுரங்கக்காலத்தில் மதுக்கடைகளும் விலைமாதர் இல்லங்களும் இருந்த தெரு அது. முகப்புப் பலகை மட்டும் இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும், பின்னால் போய்ப் பார்த்தால் ஒற்றை மாடிக் கொட்டகைதான் இருக்கும். அந்தக் காலத்துக் கடைகளின் உத்தி அது. ரயில் மதியத்தில் வந்து நிற்பதும் இந்தத் தெருப்பக்கம்தான். நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கி, இரண்டு மணி நேரம்போல் உணவகங்களை நிறைத்துவிட்டுத் திரும்புவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் மேசை தேடி அலையாமல், ஊருக்கு வடகிழக்கே இருக்கும் மேஃபிளவர் தாது ஆலைக்கோ பழைய சுரங்கத்தைச் சுற்றிக்காட்டும் ஓல்ட் ஹண்ட்ரடுக்கோ போய்விடுவது நல்லது. ஆலைக்கு மேலே மலைச்சரிவில் கம்பி வடங்களும் தாதுத் தொட்டிகளும் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. சுரங்கத்துக்குள் சிறு ரயிலில் அழைத்துப் போவார்கள்; உள்ளே ஆண்டு முழுவதும் குளிர், அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். இரண்டு இடங்களும் பருவம் பார்த்துத் திறப்பவை என்பதால், செப்டம்பர் கடைசியில் எந்தெந்த நாளில் இயங்குகின்றன என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சுரங்கத்தை வெறும் பழங்கதையாக மட்டும் பார்த்துவிட்டு வர முடியாத ஊர் இது. இங்கிருந்த கடைசிப் பெரிய சுரங்கமான சன்னிசைட் 1991-ல்தான் மூடப்பட்டது. 2015 ஆகஸ்ட் 5 அன்று, மேலே கிளாட்ஸ்டோன் அருகே கைவிடப்பட்ட கோல்டு கிங் சுரங்கத்தின் வாயில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் குழு வேலை செய்துகொண்டிருந்தபோது அடைப்பு உடைந்து, ஏறத்தாழ 30 லட்சம் காலன் உலோகக் கழிவுநீர் கொட்டியது; அனிமஸ் ஆறு டுராங்கோ வரையிலும் அதற்கு அப்பாலும் ஆரஞ்சு நிறமானது. மறு ஆண்டே மத்திய அரசின் மாசுத் தூய்மைப்படுத்தல் பட்டியலில் அந்த மலைப்பகுதி சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பல ஆண்டுகளாக, அந்தப் பட்டியலில் ஏறினால் சுற்றுலாவுக்குக் கெட்ட பெயர் வரும் என்று ஊரில் பலர் எதிர்த்து வந்தார்கள். ஓடைகளின் பாறைகள் துருவேறிய நிறத்தில் இருப்பதை நீங்கள் பார்ப்பீர்கள். இதில் ஒரு பகுதி இயற்கை, மலையிலேயே இரும்பும் கந்தகமும் மிகுதி. மற்றொரு பகுதி சுரங்கத்தின் வேலை. அந்த ஓடைகளில் குழந்தைகளை விளையாட விடாதீர்கள், தண்ணீரை வடிகட்டிக்கூடக் குடிக்க வேண்டாம்.

டுராங்கோவிலிருந்து சில்வர்டனுக்கு வரும் ரயிலை விட்டுவிடக் கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள், எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. தண்டவாளங்களுக்கு இடையில் மூன்றே அடி, 45 மைல் தூரம், ஒருவழிப் பயணம் சுமார் மூன்றரை மணி நேரம். அனிமஸ் ஆற்றின் செங்குத்தான பள்ளத்தாக்கில் சாலையே இல்லாத பகுதி வழியே போகிறது; டுராங்கோவிலிருந்து புறப்படும்போது வலப்பக்க இருக்கை கிடைத்தால் ஆறும் பள்ளமும் நன்றாகத் தெரியும். 2018-ல் டுராங்கோவுக்கு வடக்கே பெரிய காட்டுத்தீ பரவி, ரயில் நிறுவனத்தின் மீது மத்திய அரசு வழக்குத் தொடுத்தபின், இன்ஜின்கள் படிப்படியாக நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறின. எனவே சட்டையில் கரித்தூள் விழும் பழைய அனுபவம் இப்போது குறைவு. வயதானவர்களுக்குப் போக வர ஏழு மணி நேரம் ரயில் இருக்கையில் உட்காருவது நீளம். ரயிலில் போய்ப் பேருந்தில் திரும்பும் சீட்டு உண்டு, அதை எடுங்கள்.

அடுத்து, நீங்கள் தனியாகக் கேட்டிருக்கும் மலைப்பாதை. யு.எஸ். 550 எண் நெடுஞ்சாலையில் சில்வர்டனுக்கும் யூரேக்கும் இடைப்பட்ட சுமார் 25 மைலைத்தான் 'மில்லியன் டாலர் நெடுஞ்சாலை' என்கிறார்கள். 1880-களில் ஆட்டோ மியர்ஸ் என்பவர் சுங்கம் வாங்க வெட்டிய வண்டிப்பாதையே அதன் அடிப்படை. ரெட் மவுண்டன் கணவாயில் 11,018 அடி வரை ஏறுகிறது. யூரேயை நெருங்கும் கடைசிப் பகுதியில் ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் அதல பாதாளம், பல இடங்களில் ஓரத்தில் தடுப்புக்கம்பி கிடையாது. அது கவனக்குறைவு அல்ல. குளிர்காலத்தில் பனியை வழித்துத் தள்ள அந்த ஓரம்தான் வழி, கம்பி வைத்தால் பனி சாலையிலேயே குவியும். பனிச்சரிவில் பனி அகற்றும் வண்டி ஓட்டுநர்கள் இறந்திருக்கிறார்கள்; கணவாய்ப் பக்கத்தில் அவர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறது.

உங்களைப் போன்றவர்களுக்கு இந்தச் சாலையைப் பற்றி நான் சொல்வது ஒன்றே: தெற்கிலிருந்து வடக்காக, அதாவது சில்வர்டனிலிருந்து யூரேக்கு ஓட்டுங்கள். அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்டுவதால், வடக்கே போகும்போது வண்டி பாறையை ஒட்டிய உட்தடத்தில் இருக்கும். எதிர்த்திசையில் வருகிறவர்கள்தான் பள்ளத்தின் விளிம்பில் வருகிறார்கள். உயரத்துக்கு அஞ்சும் அம்மா பின் இருக்கையில் இருக்கும்போது இந்த வேறுபாடு சின்னதல்ல. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஒதுங்கிடத்தில் நிறுத்தி விட்டுக்கொடுங்கள். உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போகும் சாலை அது. செப்டம்பர் கடைசியில் கணவாயில் பனி விழுவதும் உண்டு, ஆகவே காலையில் மாநிலப் போக்குவரத்துத் துறையின் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வழியில் பல மைல்களுக்குக் கைப்பேசிச் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்வது அவசியம்.

யூரே 7,792 அடியில், மூன்று பக்கமும் சுவர்போல் எழும் மலைகளுக்கு அடியில் இருக்கிறது. தங்குவதற்கு இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த ஊர் இதுதான். நகராட்சியே நடத்தும் வெந்நீர்க் குளங்கள் ஊரின் வடக்கு முனையில் இருக்கின்றன. பல வெந்நீர் ஊற்றுகளில் வரும் கந்தக வாடை இங்கே கிடையாது, குளத்துக்குக் குளம் சூடு வேறுபடும். மாலை ஆறு மணிக்கு வெளியே குளிர் இறங்கும்போது பெற்றோரை இளஞ்சூடான குளத்தில் உட்காரவைத்தால், அவர்களுக்கு இந்தப் பயணத்தில் மிகப் பிடித்தது அதுவாக இருக்கலாம். பாக்ஸ் கேன்யன் அருவி ஊரின் தென்மேற்கு மூலையில், குறுகிய பாறைப் பிளவுக்குள் பெரும் இரைச்சலோடு விழுகிறது. கீழ்நடைபாதை எல்லாருக்கும் ஏற்றது. மேல்பாலத்துக்கு ஏறுவது முழங்கால் பலம் உள்ளவர்களுக்கு. குளிர்காலத்தில் இதே ஊர் பள்ளத்தாக்கின் பாறைகளில் குழாய் வழியாகத் தண்ணீர் விட்டு உறையவைத்து, பனிச்சுவர் ஏறுபவர்களை உலகெங்கிலுமிருந்து வரவழைக்கிறது.

யூரேக்கு மேலே இருக்கும் கேம்ப் பேர்ட் தங்கச் சுரங்கத்தை 1896-ல் கண்டெடுத்தவர் தாமஸ் வால்ஷ் என்ற அயர்லாந்துக்காரர். அந்தப் பணத்தில் வளர்ந்த அவருடைய மகள் எவலின்தான் பின்னாளில் ஹோப் வைரத்தை வாங்கியவர். அந்த வைரம் கிருஷ்ணா நதிக்கரையின் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்ததாகக் கருதப்படுகிறது. ஊரில் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு எளிதாகத் தொடங்கும்.

உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தப் பயணம் கெடுவதென்றால் பெரும்பாலும் அதனால்தான் கெடும். சுமார் 8,000 அடிக்கு மேல் தூங்கும்போது தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரக்கூடும், இளைஞர்களுக்கும் வரும். விமானத்தில் இறங்கிய மறுநாளே சில்வர்டனில் படுப்பது சரியல்ல. சுமார் 6,500 அடியில் இருக்கும் டுராங்கோவில் முதலில் இரண்டு இரவு இருங்கள், பிறகு மேலே போங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் மது வேண்டாம். இதயம், நுரையீரல், ரத்த அழுத்தம் தொடர்பான மருந்து எடுப்பவர்களாக இருந்தால் கிளம்பும் முன் அவர்களுடைய மருத்துவரைக் கேளுங்கள். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தடுமாறினாலோ, பேச்சு குழம்பினாலோ மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரிய மருத்துவமனைகள் டுராங்கோவிலும் யூரேக்கு வடக்கே உள்ள மான்ட்ரோஸிலும்தான் இருக்கின்றன.

சாப்பாட்டுக்கு வருவோம். சைவம் என்றால் பீட்சா, பர்ரிட்டோ, வறுத்த உருளைக்கிழங்கு என்ற வட்டத்துக்குள்தான் சுற்ற வேண்டியிருக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் பல அடுப்புகள் அணைந்துவிடும். அடுக்களை உள்ள அறை எடுத்து, அரிசி பருப்பை டுராங்கோவின் பெரிய கடைகளிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். சில்வர்டன் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பைப் போட்டால் மணிக்கணக்கில் கொதித்தும் மலராமல் நிற்கும், ஆகவே சிறிய பிரஷர் குக்கர் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்வது ஆடம்பரமல்ல.

அனிமஸ் ஃபோர்க்ஸ் என்ற கைவிடப்பட்ட ஊருக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சில்வர்டனிலிருந்து 12 மைல், உயரம் 11,200 அடி. 1880-களில் கோடையில் சில நூறு பேர் வாழ்ந்த ஊர். 1884 குளிர்காலத்தில் 23 நாள் ஓயாமல் பனி கொட்டி, வீட்டுக்கு வீடு பனிக்குள் சுரங்கவழி தோண்டிப் போய்வந்தார்கள். மீந்திருக்கும் மரவீடுகளுக்குள் நீங்கள் நுழைந்து நடக்கலாம். வளைந்த ஜன்னல் மாடம் வைத்த ஒரு வீட்டின் முன் நின்றால், இவ்வளவு உயரத்திலும் ஒருவர் தன் வரவேற்பறைக்கு வெளிச்சம் வேண்டும் என்று யோசித்திருப்பது தெரியும். ஆனால் பாதை கரடுமுரடான மண்பாதை. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தார்ச்சாலையை விட்டு இறங்குவதைத் தடை செய்கின்றன. சில்வர்டனில் ஜீப்பை வாடகைக்கு எடுங்கள், அல்லது ஓட்டுநருடன் கூடிய சுற்றுலா வண்டியில் இடம் பிடியுங்கள். குறுகிய பாதையில் மேலே ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுவதுதான் வழக்கம். பழைய சுரங்க வாய்களுக்குள் எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம், தரையில் கிடக்கும் துருப்பிடித்த ஆணியானாலும் எடுத்து வராதீர்கள். பாதைக்கு இருபுறமும் உள்ள பல துண்டு நிலங்கள் இன்றும் தனியார் சுரங்கப் பட்டாக்கள்.

டெல்லுரைடு யூரேயிலிருந்து நேர்க்கோட்டில் பத்து மைலுக்குள்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் மலை. ரிட்ஜ்வே வழியாகச் சுற்றினால் 50 மைல். அந்தச் சுற்றில் வரும் டல்லஸ் டிவைடு என்ற மேட்டில், செப்டம்பர் கடைசியில் ஆஸ்பன் மரங்கள் மஞ்சளாகும்போது, பின்னால் ஸ்னெஃபெல்ஸ் சிகரம் நிற்க, சாலையோரம் முழுக்க முக்காலிகளுடன் புகைப்படக்காரர்கள் நிற்பார்கள். ஊரிலிருந்து மலைமேல் உள்ள மவுண்டன் வில்லேஜுக்குப் போகும் கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தி இலவசம், பெற்றோரை அதில் ஏற்றிக்கொண்டு போனால் நடக்காமலே மலையைப் பார்த்துவிடலாம். அழகில் குறையில்லை. ஆனால் பனிச்சறுக்குப் பணமும் விழாக்களும் அந்த ஊரை வேறொரு தளத்துக்கு உயர்த்திவிட்டன; வீட்டு விலையைத் தாங்க முடியாமல் அங்கே வேலை செய்கிறவர்களில் பலர் தொலைவிலிருந்து பேருந்தில் வருகிறார்கள். அறை எடுத்துத் தங்கும் செலவும் அதற்கேற்ப இருக்கும். அரைநாள் போதும் என்று சொன்னது இதனால்தான்.

லேக் சிட்டியும் கிரீடும் அருமையான ஊர்கள். 250 பேர் அளவில் வாழும் கிரீடுக்கு 1966 முதல் இயங்கும் தொழில்முறை நாடகக்குழு இருக்கிறது. லேக் சிட்டிக்கு மேலே, பழங்கால மண்சரிவு ஆற்றை மறித்து உண்டாக்கிய சான் கிறிஸ்டோபல் ஏரி இருக்கிறது. ஆனால் அவை மலைத்தொடரின் மறுபக்கம். யூரேயிலிருந்து அவற்றுக்கு நேர்வழி 12,800 அடி எஞ்சினியர் கணவாய் வழியே ஜீப் பாதைதான், தார்ச்சாலையில் சுற்றினால் ஒரு பகலே போய்விடும்.

ஆகவே இப்படிச் செய்யலாம். முதல் நாள் டென்வரிலிருந்து ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஓட்டி டுராங்கோ, அங்கே இரண்டு இரவு, நடுநாள் ரயில். மூன்றாம் நாள் காரில் சில்வர்டன், ஒரு இரவு. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அன்று மாலையே யூரேக்கு இறங்கிவிடுங்கள். பிறகு யூரேயில் இரண்டு இரவு, அதில் ஒரு பகல் டெல்லுரைடு. ஆறாம் நாள் மான்ட்ரோஸ். அங்கே யூட் அருங்காட்சியகத்தையும், தலைவர் யூரேயின் மனைவி சிப்பேட்டாவின் கல்லறையையும், நேரமிருந்தால் பிளாக் கேன்யன் தேசியப் பூங்காவையும் பாருங்கள். ஏழாம் நாள் யு.எஸ். 50 வழியாக டென்வர். இலை நிறம் மாறும் அந்த இரண்டு வாரத்தில் யூரேயில் அறைகள் மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும், விலையும் ஏறியிருக்கும். இடம் கிடைக்காவிட்டால் பத்து மைல் வடக்கே ரிட்ஜ்வேயில் தேடுங்கள். அங்கே உயரமும் குறைவு, வாடகையும் பெரும்பாலும் குறைவு.